இயற்பியல் கணக்கும் நம் ஊர்ச் சாலையும்

தேர்வுக் கூடத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நம்மில் பலர் முதலில் செய்வது என்ன? ‘கணக்கிடுக’ என்று முடியும் வினாக்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதுதான். பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டு, ‘விளக்குக’, ‘வருவிக்க’ என்று கேட்கும் வினாக்களைத் தேடிப் போகிறோம். முதலாண்டில் நானும் அப்படித்தான் செய்தேன். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிழையின்றி எழுதத் தெரிந்த எனக்கு, சாய்தளத்தின்மேல் ஒரு கட்டையை வைத்துக் கேட்டால் கை ஓடாது. சூத்திரம் தெரியும், எந்தச் சூத்திரம் என்பதுதான் தெரியாது.

இந்த அச்சத்தைப் போக்கியது எந்த நோட்ஸும் அன்று. நம் ஊர்ச் சாலைதான். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் அந்தச் சாலையை நம் கல்லூரி மாணவர்களில் அறியாதார் இலர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லரின் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று ஷிப்ட் முடியும் வேளையில் அந்தச் சாலையோரம் நின்றால், கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் மாறிமாறிப் போகும். விசை, இயக்கம், ஆற்றல் என்று நம் பாடநூல் கூறும் மூன்றும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்தச் சாலையில்தான் எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் அவரை இடித்துத் தள்ளியது. கால் எலும்பு முறிந்து ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டபோது அந்த ஓட்டுநர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பிரேக் போட்டேங்க, வண்டி நிக்கலைங்க.” பொய் சொல்கிறான் என்றார்கள் எல்லாரும். அவர் சொன்னது பொய்யா, மெய்யா? இந்தக் கேள்விக்குக் கட்டுரையின் முடிவில் வருவோம். அதற்கு முன், கணக்கை அணுகும் முறையைச் சற்றுப் பார்ப்போம்.

சொற்கள் செய்யும் குழப்பம்

நமக்கு வரும் முதல் இடையூறு மொழியால் வருவது. வேலை, திறன், எடை என்பன நாம் வீட்டிலும் கடைத்தெருவிலும் வழங்கும் சொற்கள். இயற்பியல் அவற்றை எடுத்துக்கொண்டு, வேறு பொருள் தந்துவிடுகிறது. இருபது கிலோ பெட்டி ஒன்றை அசையாமல் கையில் தாங்கி எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளியிடம் போய், “நீங்கள் பெட்டியின்மீது வேலையே செய்யவில்லை” என்று சொன்னால் அவர் நம்மைச் சும்மா விடமாட்டார்! ஆனால் இயற்பியலின் கணக்கில் அது சரியே. விசை செயல்படும் திசையில் பெட்டி நகரவில்லை. ஆகவே பெட்டியின்மீது செய்யப்பட்ட வேலை சுழி. அவருடைய தசைகள் உள்ளுக்குள் சுருங்கி விரிந்து ஆற்றலைச் செலவிடுவதால்தான் அவருக்குக் களைப்பு வருகிறது.

அதேபோல், கடைக்காரர் ‘எடை ஐந்து கிலோ’ என்கிறார். நாமோ நிறை ஐந்து கிலோகிராம் என்றும், எடை 5 × 9.8 = 49 நியூட்டன் என்றும் எழுதவேண்டும். நிறையையும் எடையையும் மாற்றிப் போட்டால் விடை ஏறத்தாழப் பத்து மடங்கு பிசகிவிடும். மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்ற மறப்பது இன்னொரு பழைய பிழை. 3.6-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர். 54 என்றால் 15. 72 என்றால் 20. இம்மூன்றையும் நினைவில் வைத்தால் பாதிக் கணக்குகளுக்குப் போதும்.

அறிஞர்களும் குழம்பினர்

எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று தடுமாறுவது நமக்கு மட்டும் வந்த குறையன்று. ஓடும் பொருளிடம் உள்ள ‘வலிமை’ நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதா, நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவதா என்று ஐரோப்பிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். முதல் கருத்து டெகார்ட்டின் வழி வந்தது. 1686-இல் லைப்னிட்ஸ் அதை மறுத்து இரண்டாவதை முன்வைத்தார். ஹாலந்து நாட்டு கிராவசாண்டே 1720-களின் தொடக்கத்தில் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணின்மேல் விழச்செய்து பார்த்தார். இருமடங்கு வேகத்தில் வந்த குண்டு உண்டாக்கிய பள்ளத்தின் அளவு நான்கு மடங்காயிற்று. பிரெஞ்சு நாட்டுப் பெண் அறிஞர் எமிலி து சாத்தலே, 1740-இல் வெளியிட்ட தம் இயற்பியல் நூலில் இந்தச் சோதனைகளின் பக்கம் நின்று லைப்னிட்ஸை ஆதரித்தார்.

இறுதியில் இரு சாராரும் சரி என்றே தெளிவாயிற்று. ஒரு விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று கேட்டால் மாறுவது உந்தம். அது நிறையும் வேகமும் சேர்ந்தது. எவ்வளவு தூரம் செயல்பட்டது என்று கேட்டால் மாறுவது இயக்க ஆற்றல். அதில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்தால், கணக்குகளின் கதவு திறந்துவிடும் என்பது என் அனுபவம்.

மூன்று வாயில்கள்

விசை, இயக்கம் பற்றிய எந்தக் கணக்குக்கும் மூன்று வாயில்கள் உண்டு.

ஒன்று, ‘இந்தக் கணத்தில் விசை என்ன, முடுக்கம் என்ன?’ என்று கேட்டால் நியூட்டனின் இரண்டாம் விதி: விசை = நிறை × முடுக்கம்.

இரண்டு, வினாவில் நேரம் பேசப்பட்டால், அல்லது இரு பொருள்கள் மோதிக்கொண்டால், உந்தம்: விசை × நேரம் = உந்த மாற்றம்.

மூன்று, வினாவில் தூரமோ உயரமோ பேசப்பட்டு நேரம் பேசப்படாவிட்டால், ஆற்றல்: விசை × தூரம் = இயக்க ஆற்றலின் மாற்றம். இயக்க ஆற்றல் என்பது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைப்பது.

வாயிலைத் தேர்ந்தபின் செய்யவேண்டியதை ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளாக வகுத்தார். வினாவைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, திட்டத்தை நடத்து, விடையைத் திரும்பிப் பார். நாம் பெரும்பாலும் மூன்றாம் படியில் நேராகக் குதித்து, நான்காம் படிக்கு ஏறாமலே விடைத்தாளைக் கொடுத்துவிடுகிறோம்.

இயற்பியலில் ‘புரிந்துகொள்’ என்பதன் பொருள் படம் வரைவதுதான். எந்தப் பொருளைப் பற்றிய கணக்கோ அதை மட்டும் தனியே வரைந்து, அதைத் தொடுவன எவை என்று பார்த்து, ஒவ்வொன்றும் தரும் விசையை அம்புக்குறியால் காட்ட வேண்டும். தொடாமலே இழுப்பது புவி ஒன்றுதான். இதைத் தவிர வேறு அம்பு வரக்கூடாது. பஸ்ஸில் நிற்கும் நாம் திடீரென்று பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறோம். உடனே ‘முன்னோக்கிய விசை’ என்று ஓர் அம்பை வரைகிறவர்கள் உண்டு. அதைத் தந்தது யார் என்று கேளுங்கள், விடை கிடைக்காது. பஸ்ஸின் தளம் நம் பாதங்களைப் பின்னோக்கி இழுத்து நிறுத்துகிறது. மேலுடல் பழைய வேகத்திலேயே செல்கிறது. அவ்வளவே.

பாலம் ஏறும் லாரி

இனி ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒரகடம் சந்திப்பில் உள்ள மேம்பாலம் போன்ற ஒரு பாலத்தில் சுமையேற்றிய லாரி ஏற வேண்டும். பாலத்தின் உச்சி சாலையைவிட 6 மீட்டர் உயரம் என்று கொள்வோம். அடிவாரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், உராய்வு இல்லையெனக் கொண்டு, உச்சியை எட்ட லாரிக்கு எவ்வளவு வேகம் இருந்திருக்க வேண்டும்?

சாய்வுக் கோணம் தரப்படவில்லையே, லாரியின் நிறை தரப்படவில்லையே என்று திகைக்க வேண்டாம். உயரம் பேசப்படுகிறது, நேரம் பேசப்படவில்லை. ஆகவே மூன்றாம் வாயில். அடியில் உள்ள இயக்க ஆற்றல் உச்சியில் நிலை ஆற்றலாகிறது. நிறை இருபுறமும் வருவதால் அடிபட்டுப் போகிறது. வேகத்தின் வர்க்கம் = 2 × 9.8 × 6 = 117.6. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10.8 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர். பாலம் செங்குத்தாக ஏறினாலும், வளைந்து நீண்டு ஏறினாலும் விடை இதுவே. இதையே முடுக்கத்தின் வழியாகச் செய்யப் புகுந்தால் சாய்வு மாறுமிடமெல்லாம் புதுக் கணக்குப் போடவேண்டியிருக்கும்.

மோதல் கூடத்தில்

இரண்டாம், மூன்றாம் வாயில்கள் இரண்டும் சேர்ந்து வரும் இடம் மோதல். கார்களை வேண்டுமென்றே தடுப்பில் மோதவிட்டுச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. மத்திய அரசின் கனரகத் தொழில் அமைச்சகத்தின் திட்டத்தில் அமைந்த உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் பாதுகாப்பு மதிப்பீட்டில், முன்பக்க மோதல் சோதனை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தப்படுகிறது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 64 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 17.8 மீட்டர். அதன் வர்க்கம் ஏறத்தாழ 316. இதை 2 × 9.8-ஆல் வகுத்தால் 16 மீட்டர் வருகிறது. அந்த வேகத்தில் சுவரில் மோதுவது ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும்!

உள்ளே இருப்பவரின் நிறை 60 கிலோகிராம் என்போம். அவருடைய இயக்க ஆற்றல் 0.5 × 60 × 316 = 9,480 ஜூல். அவர் நிற்கவேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதையும் ஏதோ ஒரு விசை, ஏதோ ஒரு தூரத்தில், வாங்கிக்கொண்டாக வேண்டும். காரின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்குகிறது. இருக்கைப் பட்டை அணிந்தவர் காரோடு சேர்ந்தே அந்தத் தூரத்தில் நிற்கிறார் என்றால், சராசரி விசை 9,480 ÷ 0.6 = 15,800 நியூட்டன். பட்டை அணியாதவரோ கார் நின்றபின்பும் அதே வேகத்தில் போய் முன்பலகையில் மோதி, ஓர் ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். விசை 9,480 ÷ 0.05 = 1,89,600 நியூட்டன். முன்னது ஒன்றரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட சுமை. பின்னது பத்தொன்பது டன்னுக்கு மேற்பட்ட சுமை. ஆற்றல் ஒன்றே. தூரம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்தது. விசை பன்னிரண்டு மடங்காயிற்று. காரின் முன்பகுதி நசுங்குவதை ‘தகரம் மட்டம்’ என்று பழிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அளவோடு நசுங்குவதற்கென்றே அது அமைக்கப்படுகிறது.

விடையை உந்தத்தின் வழியாகவும் சரிபார்க்கலாம். உந்தம் 60 × 17.8 = 1,068. சீராக வேகம் குறைந்தால் சராசரி வேகம் 8.9, 0.6 மீட்டரைக் கடக்க 0.067 வினாடி ஆகும். 1,068-ஐ 0.067-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15,900 நியூட்டன். தசமத்தைச் சுருக்கியதால் வந்த சிறு வேறுபாடு தவிர, இரு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இப்படி இரண்டு வாயில் வழியாகவும் நுழைந்து பார்ப்பதைவிட நல்ல சரிபார்ப்பு இல்லை.

அந்த ஓட்டுநரின் கணக்கு

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம். அண்ணனுக்கு நேர்ந்ததைக் கேட்டபின் நானே அமைத்துக்கொண்ட கணக்கு இது. எண்கள் நான் எடுத்துக்கொண்டவை.

வேன் ஒன்று மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. முன்னால் ஒருவர் சாலையைக் கடப்பதை ஓட்டுநர் பார்க்கிறார். பார்த்து, உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது. பிரேக் போட்டதும் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால் எதிர் முடுக்கம் 0.5 × 9.8 = 4.9, அதை 5 என்றே வைப்போம். இங்கும் நிறை அடிபட்டுப் போவதைக் கவனிக்க.

முதல் ஒரு வினாடியில் வண்டி 15 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க ஆகும் தூரம், வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர் முடுக்கம்) = 225 ÷ 10 = 22.5 மீட்டர். ஆக மொத்தம் 37.5 மீட்டர். கடப்பவர் சரியாக 37.5 மீட்டர் தொலைவில் இருந்தார் என்போம். வேன் அவருக்கு முன்னால் வந்து நின்றுவிடும். அவர் ஓட்டுநரை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வீடு போய்ச் சேருவார்.

அதே இடத்தில், அதே ஓட்டுநர், அதே வேனை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்திருந்தால்? கடப்பவரை எந்த வேகத்தில் இடிப்பார்? நண்பர்களே, மேலே படிக்குமுன் உங்கள் விடையை மனத்தில் சொல்லிப் பாருங்கள். முதன்முறை நான் ‘18 கிலோமீட்டர்’ என்று எழுதினேன். 72-இல் 54 போனால் 18 தானே!

கணக்கைப் போடுவோம். வேகம் வினாடிக்கு 20 மீட்டர். முதல் வினாடியிலேயே 20 மீட்டர் போய்விடுகிறது. மீதி இருப்பது 17.5 மீட்டர்தான். அந்தத் தூரத்தில் வேகத்தின் வர்க்கம் 2 × 5 × 17.5 = 175 குறையும். தொடக்கத்தில் 400, எஞ்சுவது 225. அதன் வர்க்கமூலம் 15. அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர்!

இந்த விடையைப் பார்த்து நான் நம்பவில்லை. எங்கோ பிழை என்று இரண்டு முறை திரும்பப் போட்டேன். பேராசிரியரிடம் காட்டினேன், அவரும் போட்டுப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். முதல் வேன் பிரேக் போடத் தொடங்கியபோது என்ன வேகத்தில் இருந்ததோ, அதே வேகத்தில் இரண்டாம் வேன் மனிதரை இடிக்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் கூடியதற்கு விலை 18 அன்று, 54. அது 11 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழும் வேகம்.

ஏன் இப்படி? பிரேக் ஒவ்வொரு மீட்டரிலும் குறைப்பது ஆற்றலை. அதாவது வேகத்தின் வர்க்கத்தை. வேகம் அதிகமாக இருக்கும்போது ஒரு மீட்டர் சீக்கிரம் கடந்துபோகிறது. பிரேக்குக்கு வேகத்தைக் குறைக்க நேரம் கிடைப்பதில்லை. நிற்பதற்கு முந்திய கடைசிச் சில மீட்டர்களில்தான் வேகம் மளமளவென்று விழுகிறது. அந்தக் கடைசி மீட்டர்கள் இரண்டாம் வேனுக்கு வாய்க்கவே இல்லை. ஒரு வினாடித் தாமதம் இல்லையென்றே வைத்தாலும் எஞ்சும் வர்க்கம் 400 − 225 = 175; வேகம் மணிக்கு 47 கிலோமீட்டருக்கு மேல். மழை பெய்து உராய்வு குறைந்தாலோ, கைப்பேசியைப் பார்த்து ஒரு வினாடி இரண்டானாலோ என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். அதுவே உங்களுக்கு வீட்டுக்கணக்கு.

அந்த ஓட்டுநர் பொய் சொல்லவில்லை என்றே இப்போது எண்ணுகிறேன். பிரேக் போட்டது உண்மை. வண்டி நிற்காததும் உண்மை. அவர் பிழை பிரேக்கில் இல்லை. அதற்கு முன்னரே, வேகத்தில் இருந்தது. அண்ணனிடம் இந்தக் கணக்கை விளக்கிச் சொன்னேன். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், “இதை முன்னாடியே அவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்டா” என்றார்.

நாமும் நாளை அந்தச் சாலையில் வண்டி ஓட்டப் போகிறவர்கள். பலர் இப்போதே ஓட்டுகிறோம். சிலர் அந்த ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து, ஷிப்ட் முடிந்து, அதே இடத்தில் சாலையைக் கடக்கப் போகிறவர்கள். ஆகவே ‘கணக்கிடுக’ என்ற சொல்லைக் கண்டு அஞ்சி ஒதுங்கவேண்டாம். படம் வரையுங்கள், நேரமா, தூரமா என்று கேளுங்கள், அலகைப் பாருங்கள், விடை வந்தபின் அது நம்பத்தக்கதா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நம்ப முடியாத விடை சில நேரம் பிழையாக இருக்கும். சில நேரம், நாம் இதுவரை தவறாக எண்ணிக்கொண்டிருந்ததைத் திருத்த வந்ததாக இருக்கும்.